மூன்றாவது சன்னல்

பைசந்தூ பேருந்து நிலையத்தில்
மூன்றாவது சன்னல் என்னுடையது.
சீட்டுக் கணக்கெழுதும் குறிப்பேட்டைப்
பின்பக்கமிருந்து திறந்தால்
படிக்க வேண்டிய புத்தகங்கள்.
முன்பக்கத்துக் கணக்கு மாதாமாதம் நேராகிவிடும்.
பின்பக்கத்துக் கடன்
ஏறிக்கொண்டேதான் இருக்கிறது.

பெயர், சொன்னவர், முடித்த தேதி, ஒரு குறி.
இன்னொரு முறை படிக்கலாமென்றால் சின்ன வட்டம்.
கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிய புத்தகத்துக்குப் பெருக்கல்.
மாத்தே தேநீர் சிந்திய பக்கத்தில்
வட்டம் எது, கறை எது என்று
இப்போது எனக்கே தெரியாது.

வாஷிங்டன், எங்கள் நாட்டில் அது ஆள் பெயர்,
என் வகுப்பில் மட்டும் மூன்று பேர்,
கப்பல் மூழ்கும் கதைகளாகவே சொல்வான்.
இந்த ஆற்றைத் தவிர வேறு தண்ணீர் பார்த்ததில்லை அவன்.
பல் மருத்துவர் ஓதில்யா சொல்வதெல்லாம்
எழுநூறு பக்கத்துக்கு மேல்.
வாயைத் திறந்தபடி கேட்கிற எனக்கு
மறுக்க வழியில்லை.

பட்டியலில் அதிகம் இருப்பது வல்கீரியாவின் பெயர்.
இறைச்சி ஆலையில் இரவு வேலை அவளுக்கு.
விடிகாலை ஐந்து ஐம்பது பேருந்துக்கு வருவாள்,
குளிர் அறை இன்னும் விரல்களில் இருக்கும்.
சன்னல் வழியாக ஒரு புத்தகத்தை நீட்டுவாள்.
"இதைப் படி நீபியா. படிச்சிட்டு எனக்குச் சொல்லு."

படித்தேன். சொன்னேன்.
பதினோராவது புத்தகத்தில்தான் கவனித்தேன்.
ஐம்பதாம் பக்கத்துக்கு அக்கம்பக்கத்தில்
நான் கிழித்துக் கொடுத்த பழைய சீட்டு ஒன்று செருகியிருக்கும்.
அதற்கப்புறம் தாள்கள்
கடையில் இருந்த மாதிரியே,
ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு.

அவள் பரிந்துரைத்தவையெல்லாம்
அவள் தூங்கிப்போன புத்தகங்கள்.
மிச்சத்தைப் படிக்க
என்னை வைத்திருந்தாள்.

நான் கேட்கவில்லை.
கேட்டால் புத்தகம் வருவது நின்றுவிடும்.
ஐந்து நிமிடத்தில் முந்நூறு பக்கம் சொல்லப் பழகினேன்.
ஓட்டுநர் ஹாரனைத் தொடுவதற்குள்
கொலைகாரன் பிடிபட வேண்டும்.
கல்யாணம் என்றால்
மோதிரத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

ஜூலையில் ஒருநாள். நல்ல மழை.
பச்சை அட்டை போட்ட புத்தகம்.
உப்பளத்து வேலைக்குப் போன மகனை
ஒரு தாய் தேடிப் போகிறாள்.
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் நடக்கிறாள்.
மகன் இல்லை.

வல்கீரியா கண்ணாடியில் படிந்த ஆவியை
முழங்கையால் துடைத்துவிட்டுக் கேட்டாள்:
"வந்தானா?"

அவள் பையன் தாரகோனாவில் எங்கேயோ
தட்டுக் கழுவுகிறான். தெரியும்.
அதனால்தான் என்று சொல்ல மாட்டேன்.
பேருந்து கிளம்பிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"வந்துட்டான்."
"எப்படி?"
"நடந்தே."

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பார்கள்.
நான் எழுதியும் வைத்துக்கொண்டேன்.
குறிப்பேட்டில் ஸ்கேல் வைத்து இன்னொரு கோடு கிழித்து,
தலைப்பில்: நான் சொன்ன முடிவு.

அவளோ ஆலையின் உடைமாற்றும் அறை முழுக்க
அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசியிருக்கிறாள்.
செப்டம்பரில் வாஷிங்டன் வந்து
சன்னல் பலகையில் அதை அறைந்தான்.
"கடைசிவரைக்கும் அவன் வரவே இல்லையே!
ராத்திரி முழுக்க முழிச்சிருந்தேன்."
அத்தனை கப்பல்களுக்கும் அழாதவன்
மூக்கை உறிஞ்சினான்.
"அவகிட்டச் சொல்லிடாதே" என்றேன்.
சொல்லவில்லை.
புத்தகத்தை மட்டும் திருப்பிக் கொடுத்திருக்கிறான்.

இன்று காலை
கழிப்பறைக்குப் போய் வருவதற்குள்
ஐந்து ஐம்பது போய்விட்டது.
குறிப்பேடு
பின்பக்கமாகத் திறந்து கிடந்தது.

கடைசி வரிக்குக் கீழே, பழக்கமில்லாத கையெழுத்தில்,
மறுபடியும் அதே பச்சை அட்டையின் பெயர்.
சொன்னவர்: வல்கீரியா.
முடித்த தேதி: நேற்று.
குறி போடும் இடத்தில்
வட்டமும் இல்லை, பெருக்கலும் இல்லை.
நான் கிழித்த புதுக் கோட்டையும் தாண்டி
ஓரம்வரைக்கும் நெருக்கி எழுதியிருந்தாள்:

"அந்த நாயைப் பத்தி
நீ சொல்லவே இல்லையே."